அடிமண்ணைக் கிளறாதீர்கள்

ஊவாவில் செடித்தொட்டி வளர்க்கும் தம்பி தங்கைகளுக்கு,

பதுளை, பசறை, ஹாலி-எல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று எங்கே இரண்டு மீன்தொட்டிக்காரர் சந்தித்தாலும் பேச்சு கடைசியில் ஒரே வாக்குவாதத்தில்தான் போய் நிற்கிறது. செடி நட்ட தொட்டியின் அடிமண்ணைக் கழுவ வேண்டுமா, வேண்டாமா? கழுவ வேண்டும் என்பவர் சைபன் குழாயில் வந்த கறுப்புத் தண்ணீரை வாளியோடு காட்டுவார். வேண்டாம் என்பவர் கண்ணாடியை மறைத்து வளர்ந்த செடியைக் காட்டுவார். இரண்டு பேருடைய மீனும் உயிரோடு இருப்பதால் யாரும் இறங்கி வருவதில்லை.

என் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செடி வேர்விட்ட இடத்தில் குழாயை மண்ணுக்குள் இறக்காதீர்கள். மேலே கிடக்கும் கசடை மட்டும், அதுவும் செடி இல்லாத வெறும் இடத்தில் மட்டும், இழுத்து எடுத்தால் போதும். இதற்கு விதிவிலக்குகள் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன். கழுவச் சொல்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் வேறு ஒரு தொட்டியை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

அந்த வேறு தொட்டி பெரும்பாலும் கடைத்தொட்டி. கடையில் செடி கிடையாது. நான்கு கண்ணாடிக்குள் இருநூறு கப்பி நீந்தும். அடியில் ஒன்றுமே இருக்காது, இருந்தாலும் கலர் கல் ஒரு பிடி. அங்கே கழிவைத் தின்ன யாரும் இல்லாததால் கடைக்காரர் நாளும் அடியை உறிஞ்சுகிறார், அது சரிதான். கோல்ட்பிஷ் மட்டும் போட்ட தொட்டிக்கும் அதே கதை: அது அளவுக்கு மீறித் தின்று, அளவுக்கு மீறிக் கழிக்கிற மீன். கலர் கல் தொட்டிக்கும் குழாய் தேவை. மீன் வாங்கப் போகிற பிள்ளை அந்த யோசனையையும் பையில் போட்டுக்கொண்டு வந்து, கிரிப்டோவும் அமேசான் சோர்டும் நட்ட தன் தொட்டியில் அதைச் செய்து பார்க்கிறது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

மண்ணில் தங்கும் அந்தப் பழுப்புக் கசடு என்ன? மீன் கழிவு, மிச்சத் தீனி, அழுகின இலை, அவற்றின் மேல் குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர். பள்ளிக்கூடத்தில் நைதரசன் வட்டம் படித்திருப்பீர்கள். மீன் வெளியே விடும் அமோனியாவை ஒரு கூட்டம் பற்றீரியா நைத்திரைற்றாக்கும், இன்னொரு கூட்டம் அதை நைத்திரேற்றாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது பெருகிப் போனால் தவிரப் பெரிதாகத் தொந்தரவு தராது. இந்தப் பற்றீரியாக்கள் தண்ணீரில் மிதந்துகொண்டு வேலை செய்வதில்லை. பில்டர் பஞ்சிலும், செடி இலையிலும், ஒவ்வொரு மணல் துணிக்கையின் மேலும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. அடிமண் முழுவதையும் குழாயால் புரட்டி எடுக்கிறவர் அழுக்கோடு தொட்டியின் வேலையாட்களில் ஒரு பங்கையும் வாளியில் ஊற்றிவிடுகிறார். அதே நாளில் பில்டர் பஞ்சையும் நகரசபைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் மீதிப் பேரிலும் பலரைத் தீர்த்துவிடும். அடுத்த வாரம் தண்ணீர் பால்போல் கலங்கி மீன் மேலே வந்து வாயைத் திறக்கும்போது, “கழுவித்தானே வைத்தேன்” என்று தலையைச் சொறிவதில் பயனில்லை.

2022-இல் நாடு இருண்டு கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. பில்டர் நின்றால் அதற்குள் இருக்கும் பற்றீரியாக்களுக்கு ஒட்சிசன் கிடைக்காது. ஆனால் அடிமண்ணின் மேல் படையிலும் இலைகளிலும் பரவியிருப்பவை மின்சாரத்தை நம்பி இருப்பவை இல்லை. மீன் குறைவாகவும் செடி அதிகமாகவும் இருக்கும் பழைய தொட்டிக்கு இது ஒரு காப்பு. நெருக்கமாக மீன் போட்ட தொட்டியை எந்த மண்ணும் காப்பாற்றாது. இரவில் செடியும் ஒட்சிசனைத்தான் எடுக்கும்.

இனி அந்தக் கசடுக்குக் கீழே போவோம். ஓர் அங்குலத்துக்குக் கீழே ஒட்சிசன் குறைந்துகொண்டே போகும். இதைக் கேட்டதும் பலருக்குப் பயம். ஆனால் செடிக்கு அந்தக் குறைவு வேண்டும். நம் சிவப்பு மண்ணில் இரும்பு நிறைய உண்டு, ஆனால் ஒட்சிசன் உள்ள இடத்தில் அது துருவாக உறைந்து கிடக்கும், வேரால் எடுக்க முடியாது. ஒட்சிசன் குறைந்த படையில்தான் அது கரைகிற வடிவத்துக்கு மாறும். துருவோடு கட்டுண்டு கிடந்த பொசுபேற்றும் அப்போது அவிழும். செடி அதற்குப் பதிலாக, இலையில் உண்டாக்கிய ஒட்சிசனில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணுக்குள் விட்டுத் தன்னைச் சுற்றி நஞ்சு சேராமல் பார்த்துக்கொள்கிறது. நன்றாக வேரோடின மண் தன்னைத்தானே கவனித்துக்கொள்கிறது என்றால் அது இந்த ஏற்பாட்டால்தான். அமெரிக்காவின் டயானா வால்ஸ்டட் 1999-இல் செடித்தொட்டியின் சூழலியல் பற்றி எழுதிய புத்தகம் இந்த வழிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது: அடியில் ஏறக்குறைய ஓர் அங்குலம் சாதாரண மண், மேலே ஓர் அங்குலம் சிறுகல், நிறையச் செடி, அதன்பிறகு அடியில் கைவைக்காமல் இருப்பது.

செடிகளிலேயே இதைக் குறித்து நமக்கு அதிக உரிமையோடு பேசக்கூடியது கிரிப்டோகொரைன். உலகத்தில் எந்த நாட்டுக் கடையில் கேட்டாலும் கொடுக்கும் கிரிப்டோ வெண்டியை இலங்கைச் செடி. இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்ந்ததில்லை. பெக்கெற்றியை, பார்வா, துவைற்றேசியை எல்லாமே நம் மண்ணின் பிள்ளைகள். ஊவா மலைகளை விட, மழை ஓயாத ஈரவலயத்து ஓடைகளின் நிழல்தான் இவற்றில் பலவற்றுக்குச் சொந்த வீடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெக்கெற்றியைக்குப் பேர் கொடுத்த நெய்லர் பெக்கெற் இங்கே கோப்பித் தோட்டம் பார்த்த துரை. பாசி சேர்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. துவைற்றேசியையின் துவைற்ஸ் பேராதனைத் தோட்டத்தின் பொறுப்பாளர். 1869-இல் நம் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் முதன்முதல் துருநோய் கண்டபோது அந்த இலையை இங்கிலாந்துக்கு அனுப்பி என்னவென்று கேட்டவரும் இவர்தான். அந்தத் துரு கோப்பியைத் தின்றதால்தான் தேயிலை பரவியது. தேயிலையோடு நம்மவர் வாழ்க்கையும் இந்த மலைகளில் நிலைத்தது. கதை எங்கோ போகிறது, திரும்புகிறேன்.

கிரிப்டோ பெரும்பாலும் வேரால் சாப்பிடும் செடி. அதன் வேர்க்கட்டு, மேலே தெரியும் இலைக் கூட்டத்தைவிடப் பெரிது. சின்னச் செடியின் வேர்கூட மண்ணுக்குள் வெகுதூரம் போயிருக்கும். அதைக் கிளறினால், இடம் மாற்றினால், சில நேரம் தண்ணீரை அவசரமாக மாற்றினால்கூட இலை எல்லாம் இரண்டே நாளில் கூழாகக் கரைந்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், கிழங்கு உயிரோடு இருக்கும், சில வாரத்தில் துளிர்க்கும். ஆனால் மாதம் ஒரு தடவை குழாயை அதன் வேருக்குள் குத்துகிறவர் வீட்டில் அது துளிர்ப்பதும் கரைவதுமாகவே காலம் தள்ளும். அமேசான் சோர்டும் வலிஸ்னேரியாவும் கிரிப்டோ அளவுக்குக் கோபக்காரர்கள் இல்லை, ஆனாலும் பெரும்பாலும் வேரால்தான் சாப்பிடுகின்றன. அனுபியாஸ், ஜாவா பேர்ன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவை கல்லிலும் கட்டையிலும் கட்டி வைக்க வேண்டியவை, மண்ணே வேண்டாம். உங்கள் தொட்டி அப்படியென்றால் மணலைத் தாராளமாகக் கழுவுங்கள்.

சுத்தம் பற்றிய நம் எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்குத் தோட்டத்துச் சுரண்டிதான் ஞாபகத்துக்கு வரும். கோப்பிக் காலத்திலிருந்தே துரைமாருக்கு மலை பளிச்சென்று இருக்க வேண்டும். செடிக்கடியில் ஒரு புல் தெரியக்கூடாது. புல்வெட்டுக் கொந்தராத்து எடுத்தவர்கள் மாதம் தவறாமல் சுரண்டியால் தரையை வழித்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வழித்த தரையில் ஐப்பசி மழை விழுந்ததும் இளகின மேல்மண் ஓடையில் இறங்கியது, ஓடையிலிருந்து ஆற்றுக்குப் போனது. காடாக இருந்த காலத்தில் சேர்ந்த கறுப்பு மண் பல மலைகளில் இரண்டு தலைமுறைக்குள் போய்விட்டது. அடியில் இருந்த செம்மண்ணும் கல்லும் மேலே வந்தன. 1951-இல் மண் பாதுகாப்புச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையமும் சுரண்டியைக் கைவிடச் சொன்னது. கவ்வாத்து வெட்டின மிலாறை மலையிலேயே பரப்பி விடச் சொன்னது. மிலாறு அடுப்புக்கு வேண்டும் என்பதால் லயத்தில் அதை யாரும் முழுமனதாக ஏற்கவில்லை, அது வேறு வழக்கு. ஆனால் இலையும் குச்சியும் மட்கி மண்ணில் சேர்ந்தால்தான் செடி நிற்கும் என்பது தேயிலை மலையில் வேலை பார்த்த யாருக்கும் புதிதில்லை. தண்ணீருக்குள் இருக்கும் செடிக்கும் கணக்கு அதேதான். வாரா வாரம் வழித்த தொட்டியில் செடி மஞ்சளாகும். பிறகு கடையில் உரமாத்திரை வாங்கி அதே மண்ணில் புதைப்போம். வாளியில் கொட்டினதை மாத்திரையாகத் திரும்ப வாங்குகிறோம்.

அதற்காகத் தேயிலை மலை மண்ணைக் கொண்டுவந்து தொட்டியில் போட்டுவிடாதீர்கள். 2022-க்குப் பிறகு இறக்குமதி மண் பையின் விலை எட்டாத உயரத்துக்குப் போனதும் நம் பிள்ளைகள் பலர் பக்கத்து மலையில் மம்பட்டி போட்டார்கள். அந்த மண்ணில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். பிலிஸ்டர் என்று தோட்டத்தில் சொல்லும் கொப்புள நோய் 1946-இல் இலங்கைக்கு வந்தது முதல், மழையும் பனிமூட்டமுமான மாதங்களில் தேயிலைக்குச் செம்பு கலந்த மருந்து அடிக்கிறார்கள். செம்பு மட்கிப் போகிற பொருள் இல்லை, மேல்மண்ணில் தங்கிவிடும். இறாலுக்கும் நத்தைக்கும் சொற்பச் செம்பே போதும், மீனுக்கும் நல்லதில்லை. அதோடு யூரியா கலந்த உரம்; தண்ணீரில் ஊறினால் அமோனியாவாகத்தான் வெளியே வரும். கவ்வாத்துக் காலத்தையொட்டித் தூவும் டொலமைட் தண்ணீரைக் கடினமாக்கும். வெலிமடை, ஊவா பரணகம பக்கம் உருளைக்கிழங்கு போட்ட மண்ணும் வேண்டாம், கோழி எருவும் பூச்சிமருந்தும் அதில் ஊறிப் போயிருக்கும். உரமோ மருந்தோ விழாத வீட்டுப் பின்புறத்து மண்ணைச் சலித்து, சில வாரம் வாளியில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி வடித்துவிட்டுப் பாவியுங்கள். நம் பக்கத்து மண் புளித்த மண். மீனைப் போடுவதற்கு முன் ஒன்றிரண்டு மாதம் செடியை மட்டும் வளரவிடுவது புத்தி. ஆற்றுமணல் போடுவதென்றால் தேசிக்காய்ப் புளியைச் சொட்டவிட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. டொலமைட் மெதுவாகத்தான் நுரைக்கும், பொறுமையாகப் பாருங்கள். காசு உள்ளவர்கள் வாங்கும் சுட்ட மண் உருண்டைகளுக்கும் ஒரு வார்த்தை: குழாயால் உறிஞ்ச உறிஞ்ச அவை உடைந்து சேறாகும். விலை கொடுத்து வாங்கினதை நாமே உடைப்பானேன்?

இப்போது எதிர்க்கட்சியின் நியாயத்துக்கு வருகிறேன். அடிமண் கெட்டுப்போவது உண்மை. நான்கு ஐந்து அங்குலத்துக்கு நைசான மணலைக் கொட்டி, இரண்டு செடி நட்டு, தீனியை அள்ளிப் போட்டால் அடியில் ஒட்சிசன் சுத்தமாக இல்லாமல் போய் ஐதரசன் சல்பைட்டு உண்டாகும். அழுகின முட்டை நாற்றம் வந்தால் அதுதான். செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்துக் கூழாக இருக்கும். ஆனால் மண்ணிலிருந்து எழும் எல்லாக் குமிழியும் அதுவென்று பதற வேண்டாம். பெரும்பாலானவை நைதரசன், மெதேன், காபனீரொட்சைட்டு. நாற்றம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கண்ணாடிப் பக்கம் மண்ணுக்குள் தெரியும் கறுப்புக் கோடும் பயப்பட வேண்டிய விஷயமில்லை. நாற்றம் வந்தால் ஈர்க்குச்சியால் அங்கங்கே மெதுவாகக் குத்திவிடுங்கள், இன்று ஒரு மூலை, அடுத்த வாரம் இன்னொரு மூலை. ஒரே நாளில் முழு அடியையும் புரட்டினால், அடைந்து கிடந்தது அத்தனையும் ஒரேயடியாக மீன்மேல் வரும். வயல் வாய்க்காலில் கிடைக்கும் கூர்மையான சுருள் நத்தை மணலைக் கிளறும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்யும். அது அளவுக்கு மீறிப் பெருகினால் நத்தையைக் குறை சொல்ல வேண்டாம், நீங்கள் போடும் தீனியைப் பாருங்கள்.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். பதுளை நகரம் ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேலே. மார்கழி இரவில் ஹப்புத்தளை லயத்துக் காம்பராவில் சூடாக்கி இல்லாத தொட்டித் தண்ணீர் சில்லிட்டுப் போகும். குளிரில் பற்றீரியா மந்தமாகும், கசடு மட்கக் காலம் எடுக்கும், மீனும் குறைவாகத்தான் தின்னும். பதுளைப் பிள்ளை போடுகிற அளவு தீனியை அங்கே போட்டால் அடியில் தேங்கத்தான் செய்யும். அதற்கு மருந்து குழாய் இல்லை, தீனியைப் பாதியாக்குவதுதான். செரி பார்ப் போன்ற நம் நாட்டு மீன் மிதமான குளிரைப் பொறுக்கும். 1929-இல் தெரணியகல விவரித்த அந்த மீன் இயற்கையில் இலைச்சருகு படிந்த நிழலோடையில்தான் வாழ்கிறது. அதற்கு நாம் பளிங்குத் தரை போட்டுக் கொடுக்க நினைப்பது கொஞ்சம் வேடிக்கை.

தண்ணீர் விஷயம் வேடிக்கை இல்லை. உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் 2014 கடைசியில் நிலத்தடி நீர் பாயத் தொடங்கியபிறகு பண்டாரவளைப் பக்கம் கிணறும் ஊற்றும் வற்றின, வீட்டுச் சுவரில் வெடிப்பு விழுந்தது, 2017-இல் சனம் வீதிக்கு இறங்கியது. ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது பல லயங்களில் பீலி நூலாகத்தான் ஒழுகும். அந்தக் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு வாசம் கொடுக்கிறது என்று ஏலத்தில் பெருமை பேசலாம். பீலிக்கரையில் குடத்தோடு நிற்கும் அக்காவிடம் பேச முடியாது. அடிமண்ணை ஆழமாகக் கழுவ ஆரம்பித்தால் தொட்டியில் பாதித் தண்ணீர் போய்விடும். இரண்டு வாளித் தண்ணீரை வீடே பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் மாதத்தில் மீனுக்காக அதைச் செய்தால் அம்மா ஏசுவார், ஏசுவதும் நியாயம்.

செய்முறை அதிகமில்லை. அழுகத் தொடங்கின இலையைக் கையாலேயே கிள்ளி எடுங்கள். கிள்ளுவதை நம் வீட்டாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடையில் விற்கும் அகல வாய்க் குழாயை விட, மெல்லிய காற்றுக்குழாய் நல்லது. அதை மண்ணுக்கு அரை அங்குலம் மேலே பிடித்து, முன்பக்கத்து வெறும் இடத்திலும் கல்லுக்குப் பின்னாலும் குவிந்த கசடை மட்டும் இழுங்கள். மண் மேலெழுந்தால் விரலால் குழாயை நெரித்துவிடுங்கள். ஒரு தடவை வலப்பக்கம், அடுத்த தடவை இடப்பக்கம். பில்டர் பஞ்சை வேறொரு நாளில், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். புதுத் தொட்டியில் முதல் சில மாதம் செடி வேர்பிடிக்கும்வரை மேற்கசடை அடிக்கடி எடுக்கலாம். போகப் போக அந்த வேலை தானாகக் குறையும்.

எடுத்த கசடுத் தண்ணீரை லயத்துக் கானிலோ பதுலு ஓயாவிலோ ஊற்றாதீர்கள். அதில் உங்கள் செடித்துண்டும் நத்தை முட்டையும் சில நேரம் மீன்குஞ்சும் இருக்கும். 1939-இல் படிப்புக்காகக் கொண்டுவந்த சல்வீனியா இன்றைக்கும் இந்த நாட்டின் குளங்களை விட்டுப் போகவில்லை. கண்ணாடியை நக்கட்டும் என்று நாம் வாங்கும் டேங்க் கிளீனர், பெரிதானதும் யாரோ கொண்டுபோய் விட்டதால் இப்போது நீர்த்தேக்கங்களில் மீனவர் வலையை நிரப்புகிறது. கசடைக் கறிவேப்பிலைக்கோ, இஸ்தோப்பு ஓரத்துப் பூச்சாடிக்கோ, போஞ்சிக் கொடிக்கோ ஊற்றுங்கள்.

என்னோடு உடன்படாதவர்கள் இருப்பீர்கள். வாதாட வரும்போது மூன்று விஷயத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள்: உங்கள் ஊரின் உயரம், மண் எங்கே எடுத்தது, தொட்டியில் வேரால் சாப்பிடும் செடி எத்தனை. அவை தெரியாமல் கழுவலாமா என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம்.

அன்புடன்,
பதுளையிலிருந்து ஒரு பழைய தொட்டிக்காரன்